கதவுக்குள் ஒரு கதவு

பூனைக்கதவு என்பது வீட்டுக் கதவின் அடிப்பகுதியில் வெட்டிய துளையில், மேல்விளிம்பில் கீல் வைத்துத் தொங்கவிட்ட ஒரு சிறு மடல். பூனை தலையால் முட்டினால் திறக்கும்; கடந்து போனதும் தானே மூடிக்கொள்ளும். பிரிட்டனிலும் வட ஐரோப்பாவிலும் இது சர்வசாதாரணமான வீட்டுப் பொருள். அங்கே ஆண்டில் பாதி நாள் கதவும் சன்னலும் சாத்தியே கிடக்கும். பூனைக்கோ ஒரே நாளில் பத்துமுறை வெளியே போகவும் வேண்டும், உள்ளே வரவும் வேண்டும். கொல்லைக் கதவைப் பகல் முழுக்கத் திறந்து போட்டிருக்கும் வெப்பநாட்டு வீடுகளில் இதற்குத் தேவை எழவில்லை. நாலைந்து கிலோ எடையுள்ள ஓர் உயிரை மட்டும் விட்டு, குளிர், மழை, திருடன், அடுத்த வீட்டுப் பூனை என மற்ற எல்லாவற்றையும் வெளியே நிறுத்த வேண்டும். பூனைக்கதவு பொருத்தும் வேலையின் சிக்கலெல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் ஐசக் நியூட்டன் என்றும், தாய்ப்பூனைக்குப் பெரிய துளையும் குட்டிகளுக்குச் சிறிய துளையும் வெட்டினார் என்றும் ஒரு கதை உலவுகிறது. 1827-ல் வெளியான ஒரு கேம்பிரிட்ஜ் நினைவுக்குறிப்பு நூலில் இந்த இரண்டு துளைகள் பற்றிய பேச்சு வருகிறது. அப்போது நியூட்டன் இறந்து நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரிடம் உதவியாளராக இருந்த ஹம்ஃப்ரி நியூட்டனோ, அவர் அறையில் நாயும் கிடையாது, பூனையும் கிடையாது என்று எழுதி வைத்திருக்கிறார். எப்படியிருந்தாலும் துளை அவருக்கு மிக மூத்தது. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாஸர் எழுதிய கேன்டர்பரி கதைகளில், பூனை நுழைவதற்கென்று கதவில் விட்டிருந்த ஓட்டை வழியாக ஒரு வேலைக்காரன் அறைக்குள் எட்டிப் பார்க்கிறான். இங்கிலாந்தின் எக்சிட்டர் பேராலயத்தில் அத்தகைய ஓட்டையை இன்றும் நேரில் பார்க்கலாம். அங்குள்ள வானியல் கடிகாரத்துக்குக் கீழே ஒரு பழைய மரக்கதவு. அதன் அடியில் வட்டமான துளை. கடிகாரப் பொறிக்குப் பூசிய விலங்குக் கொழுப்பை நாடி எலிகள் வந்தன. எலிகளை நாடிப் பூனை போக வழி விட்டார்கள். 1598 முதல் 1621 வரை அங்கு பிஷப்பாக இருந்த வில்லியம் காட்டன் காலத்தில் வெட்டப்பட்டது அது. அதற்கும் முன்பே, 14, 15-ஆம் நூற்றாண்டுகளின் பேராலயக் கணக்கேடுகளில் பூனைக்கு வாரம் ஒரு பென்னி படியளந்த பதிவு இருக்கிறது. இவையெல்லாம் வெறும் ஓட்டைகள். மடலும் தாழும் பூட்டும் பின்னால் வந்து சேர்ந்தவை.

வேலை பூனையை அளப்பதில் தொடங்குகிறது. மனிதனுக்குக் காறை எலும்பு தோள்பட்டையை மார்பெலும்போடு இறுகப் பிணைக்கிறது. தோளின் அகலம் குறைய அது விடாது. பூனையின் காறை எலும்பு தசைக்குள் புதைந்த ஒரு சிறு துண்டு மட்டுமே, வேறெந்த எலும்போடும் அதற்கு மூட்டு இல்லை. முன்கால்கள் தசைகளின் பிடியில்தான் உடலோடு நிற்கின்றன. ஆகவே தலை புகுந்த இடத்தில் தோளும் ஒடுங்கிப் புகுந்துவிடும். துளை போதுமா என்று பூனை பார்ப்பது மீசையை வைத்து. மீசையின் விரிவு ஏறத்தாழ உடலின் அகலம். உடல் பெருத்தால் மீசை நீளாது என்பதால் தொந்தி விழுந்த பூனையிடம் இந்தக் கணக்கு தப்பும். கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான பூனைக்கதவுகளின் வழி சுமார் 14 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும் கொண்டது, சாதாரணப் பூனைக்கு இது தாராளம். எட்டுக் கிலோ வரை வளரும் மெய்ன் கூன் போன்ற பேரினங்களுக்குச் சிறிய நாய்க்கான கதவையே வாங்குவது நல்லது.

அடுத்து உயரம். துளையின் கீழ்விளிம்பு பூனையின் வயிற்று மட்டத்தில், அதாவது தரையிலிருந்து 15 செ.மீ. அளவில் இருந்தால், பூனை ஒரு முன்காலைத் தூக்கி அப்பால் வைத்து நடந்தபடியே கடந்துவிடும். கூடுதல் உயரமானால் குதிக்க வேண்டும். தாழ்ந்தால் பதுங்கித் தவழ வேண்டும். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான்: வீட்டுக்குள் நின்று மட்டும் அளப்பார்கள். வாசற்படிக்கு வெளியே தரை பெரும்பாலும் 10, 20 செ.மீ. தாழ்ந்திருக்கும். உள்ளேயிருந்து 15 செ.மீ. என்றால் வெளியிலிருந்து வரும் பூனைக்கு அது 30 செ.மீ. சுவர். இளம் பூனை அதைப் பொருட்படுத்தாது. மூட்டு தேய்ந்த கிழப்பூனை திணறும். வெளியே ஒரு செங்கல்லையோ அகலமான பலகையையோ படியாகப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

இடம் தேர்ந்தெடுக்கும்போது பூட்டையும் பார்க்க வேண்டும். துளை வழியாகக் கையை விட்டு உள்தாழ்ப்பாளைத் தொட முடியுமானால் பூனைக்கதவு திருடனுக்கும் கதவுதான். ஒரு கையின் நீளத்துக்குள் பூட்டோ, சாவியை மாட்டும் ஆணியோ இருக்கக் கூடாது. உணவுக் கிண்ணத்தையும் மடலுக்கு நேரெதிரே வைக்காமல் இருப்பது நல்லது. மடல் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக்கால் ஆனது, தெருப்பூனைக்கும் கண் உண்டு.

எந்தக் கதவில் வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து வேலையே மாறிவிடும். பேனல் வைத்த மரக்கதவில் செங்குத்துச் சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் கழுந்தும் துளையுமாகக் கோத்திருக்கும். கதவின் உறுதி முழுவதும் அந்த மூட்டுகளில்தான். நடுவே உள்ள பேனல் மெல்லிய பலகை, பாரம் தாங்குவதில்லை. எனவே துளை பேனலுக்குள் அடங்க வேண்டும். அடிச்சட்டம் அகலமாக இருந்து, 15 செ.மீ. உயரம் அதன் மேல் விழுந்தால், சட்டத்தை அறுக்காமல் துளையை மேலே ஏற்றிவிட்டுப் படி வைப்பதே முறை. ஃப்ளஷ் டோர் என்னும் வழவழப்பான கதவு வேறு வகை. மலிவான ஃப்ளஷ் கதவில் இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவே தேனடை வடிவில் மடித்த அட்டையே நிரம்பியிருக்கும். அப்படியே வெட்டித் திருகாணியை முடுக்கினால் பலகைகள் உள்ளே குழிந்து போகும். வெட்டிய துளையின் உள்விளிம்பைச் சுற்றி அதே கனத்துக்கு ரீப்பர் துண்டுகளைப் பசையிட்டு அடைத்த பிறகே சட்டகத்தைப் பொருத்த வேண்டும்.

பிளாஸ்டிக் கதவுகளில், அதாவது யூபிவிசி கதவுகளில், நடுப்பலகை இரண்டு தகடுகளுக்கிடையே நுரை வைத்தது, எளிதில் அறுபடும். வாள் வேகமாக ஓடினால் பிளாஸ்டிக் உருகி வெட்டிய தடத்திலேயே ஒட்டிக்கொள்ளும் என்பதால் மெதுவாக ஓட்ட வேண்டும். சுற்றுச்சட்டத்துக்குள் இரும்பு வைத்திருப்பார்கள், அதைத் தொடவே கூடாது.

கண்ணாடிக் கதவு தனிக்கதை. இங்கிலாந்தின் கட்டட விதிகளின்படி கதவில் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரம் வரை உள்ள கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். பூனைக்கதவு வரும் இடமோ அதற்குள்தான். பாதுகாப்புக் கண்ணாடியில் பெரும்பகுதி பதப்படுத்தியது. 600 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கிக் காற்றை வீசித் திடீரெனக் குளிர்விக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். பிறகு குளிரும் உட்பகுதி சுருங்கி மேற்பரப்பை உள்நோக்கி இழுக்கும். மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் நிலைத்துவிடுகின்றன. மேலே கீறல் விழுந்தாலும் அழுத்தம் அதைப் பரவவிடாது. இந்தக் கண்ணாடியின் வலிமை அதுதான். ஆனால் ஏதாவது ஒரு முனை உட்பகுதியை எட்டிவிட்டால் அடைபட்ட விசை முழுவதும் விடுபட்டு, மொத்தக் கண்ணாடியும் நொடியில் பொடிக்கட்டிகளாகச் சிதறும். எனவே பதப்படுத்திய கண்ணாடியில் பிற்பாடு துளை போடவே முடியாது. அளவு கொடுத்து, துளையோடு வெட்டிய பிறகு பதப்படுத்திய புதுக் கண்ணாடியையே தருவிக்க வேண்டும். இரட்டைக் கண்ணாடியானால் இடையில் ஆர்கான் வாயுவும், ஓரத்தில் ஈரம் உறிஞ்சும் மணிகளும் வைத்து அடைத்திருப்பார்கள். அதையும் அப்படியே மாற்ற வேண்டும். துளை எப்போதும் வட்டமாகவே இருக்கும். சதுரத்தின் மூலைகளில் தகைவு குவியும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

தீத்தடுப்புக் கதவில் எதையும் வெட்டக் கூடாது. அடுக்குமாடி வீடுகளின் முன்கதவும், காரேஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவும் இங்கிலாந்தில் அரைமணி நேரம் தீயைத் தாங்கும்படி செய்யப்பட்டவையாக இருக்கும். கையகலத் துளை போட்டாலும் புகை போக வழியாகிவிடும். இந்த ஒன்றில் பூனையின் வசதிக்கு இடமில்லை. கதவில் வழியில்லாதபோது சுவரைக் குடைவதுண்டு. உள்ளும் புறமும் தனித்தனிச் செங்கல் வரிசையும் நடுவே வெற்றிடமும் கொண்ட பிரிட்டிஷ் சுவரில் சுரங்கக் குழாய் செருகி, அது மழைநீரை வெளியே வடிக்கும்படி லேசான சரிவு கொடுப்பார்கள். தரையிலிருந்து 15 செ.மீ. அளவில் ஈரத்தைத் தடுக்கும் படலம் ஒன்று சுவருக்குள் ஓடும். துளை அதற்கு மேலேயே அமைய வேண்டும்.

மரக்கதவில் வெட்டும் முறை இது. பெட்டியோடு வரும் காகித அச்சைக் கதவில் ஒட்டி, ரசமட்டம் வைத்துக் கோட்டைச் சரிபார்க்க வேண்டும். கதவின் அடிவிளிம்பை நம்பி அளந்தால் மோசம் போகலாம். பழைய கதவுகள் தொய்ந்து சாய்ந்திருக்கும். கோட்டின் மேல் காகித டேப்பை ஒட்டிவிட்டு, நாலு மூலையிலும் கோட்டுக்கு உள்பக்கமாக 10 மி.மீ. துளை போட்டு, ஜிக் சா வாளை அதில் இறக்கி அறுக்க வேண்டும். ஜிக் சாவின் பற்கள் மேல்நோக்கி வரும்போதுதான் வெட்டும். அறுப்பவர் பார்க்கும் பக்கத்தில் மரநார் பிய்ந்து எழும்பாமல் காப்பது அந்த டேப். கடைசிப் பக்கம் முடியும் நேரத்தில் துண்டு தன் எடையாலேயே தொங்கிக் கிழியும். ஒருவர் அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு அரம் போட்டு விளிம்பைச் சமன் செய்து, வெட்டுவாயில் பிரைமரோ வார்னிஷோ இரண்டு பூச்சு. மரத்தின் வெட்டுமுகம் நாளங்களின் திறந்த வாய். பக்கவாட்டு முகத்தைவிடப் பலமடங்கு நீரை உறிஞ்சும். பூசாமல் விட்டால் முதல் மழைக்காலத்திலேயே விளிம்பு உப்பிச் சட்டகத்தை நெருக்கும். பூச்சு காய்ந்ததும் உள்பாதியையும் வெளிப்பாதியையும் இருபுறமும் வைத்துத் திருகாணி போட வேண்டியதுதான். இங்கே அவசரக்காரர்கள் செய்யும் தவறு, கடைசிச் சுற்று வரை முடுக்குவது. மெல்லிய பிளாஸ்டிக் சட்டகம் மயிரிழை வளைந்தாலும் மடலின் ஓரம் உரசும், நடுவழியில் நின்றுவிடும். ஒவ்வொரு திருகாணியையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி முடுக்கி, இடையிடையே மடலை விரலால் தள்ளிப் பார்ப்பது நல்ல தச்சரின் பழக்கம்.

மடல் ஓர் ஊசல். தள்ளினால் எடை அதைத் திருப்பி இழுக்கும், ஆனால் அந்த இழுப்பு சாய்கோணத்தைப் பொறுத்தது: செங்குத்தாகத் தொங்கும் நிலையில் அது பூச்சியம். எடையை மட்டும் நம்பிய மடல் சின்னக் காற்றுக்கே படபடக்கும். மூடிய நிலையில் பிடித்து நிறுத்த அடிவிளிம்பில் ஒரு சிறு காந்தம் வைக்கிறார்கள். காந்தத்தின் குணம் இதற்கு நேர்மாறு. ஒட்டியிருக்கும்போது பிடி மிக வலுவாக இருக்கும், சில மில்லிமீட்டர் விலகினாலே காணாமல் போய்விடும். இரண்டும் சேர்ந்து இரண்டு நிலைகளையும் பார்த்துக்கொள்கின்றன. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று மடலின் மேல் சுமார் 60 பாஸ்கல் அழுத்தம் தரும்; 14க்கு 12 செ.மீ. பரப்பில் அது ஏறத்தாழ ஒரு நியூட்டன் விசை. (பூனைக்கதவுக்கு நியூட்டன் உண்மையில் தந்தது இந்த அலகின் பெயரைத்தான்.) காற்றின் விசை மடலின் நடுவில் செயல்படுகிறது, காந்தம் அடியில் இருக்கிறது, நெம்புகோல் கணக்கில் காந்தம் அரை நியூட்டன் பிடித்தால் போதும். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். காந்தத்தை வலுவாக்கிக்கொண்டே போனால் புயலிலும் மடல் அசையாது, குட்டிப்பூனையாலும் அசைக்க முடியாது. அதனால் நல்ல வகைகளில் காந்தத்தை முன்பின் நகர்த்தி வைக்க வசதி உண்டு.

குளிர் நுழைவதைப் பற்றி ஒரு கணக்கு. உள்ளும் வெளியும் 20 பாகை வேறுபாடு என்று கொள்வோம். மடலின் பிளாஸ்டிக் தகடு வழியாகக் கடந்து போகும் வெப்பம் 2 வாட்டுக்கும் குறைவு. ஆனால் மடலைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், 4 பாஸ்கல் என்ற மெல்லிய அழுத்த வேறுபாட்டிலேயே நொடிக்கு முக்கால் லிட்டர் காற்று கசியும். அதைச் சூடாக்க 20 வாட் அளவில் செலவாகும். தகட்டைத் தடிப்பாக்குவதில் பெரிய பலன் இல்லை. ஓரத்தில் ஒட்டும் தூரிகைப் பட்டைதான் காசுக்கு மதிப்பு. அந்தப் பட்டையும் உராய்வைக் கூட்டும், மடல் முழுதாக மூடாமல் நிற்கும். காற்றுத் தடுப்பையும் தடையற்ற அசைவையும் ஒருசேரப் பெற, சுரங்கக் குழாயின் இரு முனையிலும் ஒவ்வொரு மடல் வைக்கும் வகை குளிர்மிகுந்த வீடுகளுக்கு விற்கிறது.

அடுத்த வீட்டுப் பூனை எல்லாவற்றையும்விடக் கடினமான விருந்தாளி. உணவைத் தின்றுவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை. சோபாவில் மூத்திரம் பீய்ச்சித் தன் எல்லையைக் குறித்துவிட்டுப் போகும். வீட்டுப் பூனையும் பதிலுக்கு அதையே செய்யும். நான்கு நிலைத் தாழ் (உள்ளே மட்டும், வெளியே மட்டும், இருவழியும், மூடியது) மனிதர் கையால் திருப்ப வேண்டியது. கழுத்துப்பட்டையில் காந்தம் மாட்டிப் பூட்டைத் திறக்கவைக்கும் முறை பிறகு வந்தது. பூனை திரும்பி வரும்போது காந்தத்தில் ஆணியும் இரும்புத்தூளும் ஒட்டிக்கொண்டு வரும். காந்தப் பட்டை போட்ட எந்தப் பூனைக்கும் பூட்டு திறந்துவிடும்.

இதற்கு முடிவு கண்டது உடலுக்குள் இருக்கும் சில்லு. 12 மி.மீ. நீளமும் 2 மி.மீ. தடிப்பும் கொண்ட, அரிசிமணி போன்ற கண்ணாடிக் குப்பியைத் தோள்பட்டைகளுக்கு இடையே தோலடியில் ஊசியால் செலுத்துகிறார்கள். அதற்குள் பேட்டரி கிடையாது. 134.2 கிலோஹெர்ட்ஸில் அலைவுறும் காந்தப்புலம் அருகில் வந்ததும் குப்பிக்குள் உள்ள நுண்சுருளில் மின்சாரம் தூண்டப்படும். அந்த வலுவில் சில்லு தன் 15 இலக்க எண்ணைத் திருப்பிச் சொல்லும். தொலைந்த பூனையை உரியவரிடம் சேர்ப்பதற்காக வந்த ஏற்பாடு இது. இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் 20 வாரம் கடந்த வளர்ப்புப் பூனை அனைத்துக்கும் சில்லு கட்டாயம். இல்லையென்றால் 500 பவுண்டு வரை அபராதம். ஏற்கெனவே பூனைக்குள் இருக்கும் இந்த எண்ணையே சாவியாக்கலாமே என்று யோசித்து, அந்த வகைப் பூனைக்கதவை 2000-களின் இறுதியில் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இயற்பியலாளர் நிக் ஹில். மடலுக்கு முன்னுள்ள குறுகிய வழியைச் சுற்றி ஆன்டெனாச் சுருள் இருக்கும்; பூனை தலையை நுழைக்கும்போது தோள்மேட்டில் உள்ள சில்லு அதற்கு நெருக்கமாக வரும். ஆன்டெனா எந்நேரமும் இயங்கினால் நாலு பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? ஆகவே ஓர் ஒளியுணர்வி காவல் இருந்து, ஏதோ நுழைகிறது என்று கண்ட பிறகே படிப்பானை எழுப்புகிறது.

இரும்புக் கதவுக்கும் இந்த வகைக்கும் ஒத்துப்போகாது. ஆன்டெனாவைச் சுற்றி உலோகம் வளையமாக நின்றால் அதிலும் மின்சுழல்கள் தூண்டப்பட்டு, எதிர்ப்புலத்தை உண்டாக்கி, படிக்கும் தூரத்தைச் சுருக்கிவிடும். உலோகக் கதவில் தேவையைவிடப் பெரிய துளை வெட்டி, இடையில் பிளாஸ்டிக் சட்டம் ஒன்றை வைத்து உலோகத்தைத் தள்ளி நிறுத்துவது அதனால்தான்.

கதவு தயார், பூனை தயாராக வேண்டும். 1898-ல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் பூனைகளைப் பெட்டியில் அடைத்து, மிதியையோ கயிற்றையோ இயக்கினால் கதவு திறக்கும்படி வைத்து, வெளியே உணவு காட்டினார். பூனை முதலில் கண்டபடி பிறாண்டி, தற்செயலாக வெளியே வந்தது. அடுத்தடுத்த முறைகளில் நேரம் படிப்படியாகக் குறைந்ததே தவிர, சட்டென்று புரிந்துகொண்டதற்கான அறிகுறி இல்லை. பலன் தந்த அசைவு நிலைக்கும், தராதது உதிரும் என்றார் அவர். பூனைக்கதவு பழக்குவோர் செய்வதும் இதுதான். முதலில் மடலை மேலே தூக்கி டேப் போட்டு ஒட்டிவிட்டு, அப்பக்கம் பிடித்த தின்பண்டத்தை வைப்பார்கள். சில நாளில் பாதி திறப்பு. பிறகு காந்தமில்லாமல் மூடிய மடல். கடைசியில் தாழும் பூட்டும். பூட்டு ‘கிளிக்’ என்று விழும் சத்தத்துக்கே சில பூனைகள் வாரக்கணக்கில் பயப்படும். பூனையைப் பிடித்து மடலுக்குள் தள்ளினால் அது கற்பது ஒன்றே ஒன்று, அந்த இடத்தை அண்டக் கூடாது என்று.

வாயில் எலியோடு வரும் பூனையை நிறுத்துவது புதிய முயற்சி. 2019-ல் அமேசான் நிறுவனத்தில் பணியாற்றிய பென் ஹாம் தன் பூனையின் ஆயிரக்கணக்கான படங்களைக் கொண்டு ஒரு கணினி நிரலைப் பழக்கி, இரை கவ்விய பூனை வந்தால் கால்மணி நேரம் பூட்டிக்கொள்ளும் கதவு ஒன்றைச் செய்துகாட்டினார். இப்போது இத்தகைய கேமராக் கதவுகள் விற்பனைக்கே வந்துவிட்டன. தவறாகக் கணித்தால் பசியோடு வந்த பூனை மழையில் நிற்கும் என்பதால், உரிமையாளர் கைபேசியிலிருந்தே திறக்கும் வசதியும் அவற்றில் சேர்க்கப்படுகிறது.

பராமரிப்பு சொற்பம். காந்தத்தில் ஒட்டும் இரும்புத்தூளைத் துடைப்பது, கீலில் சிக்கும் மயிரை எடுப்பது, ஒளியுணர்வியின் மேல் படியும் அழுக்கை ஈரத்துணியால் நீக்குவது, பேட்டரி விளக்கு மின்னினால் நான்கையும் ஒன்றாக மாற்றுவது. கதவை எடுத்துவிட வேண்டிய நாள் வந்தால், பேனல் கதவில் ஒரு பேனலையும் யூபிவிசியில் நடுப்பலகையையும் கண்ணாடிக் கதவில் கண்ணாடியையும் மாற்றினால் தடம் தெரியாது. ஃப்ளஷ் கதவில் ஒட்டுப்போட்ட இடம் எத்தனை பூச்சுப் பூசினாலும் தெரியும். அங்கே புதுக் கதவுதான் வாங்க வேண்டும்.